ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: ஓவர்க்ளாக் செய்த கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நிற்கிறது?

பிராசஸரின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, சேவ் கொடுத்து, ரீஸ்டார்ட் ஆகட்டும் என்று காத்திருக்கிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, கேபினெட் விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. போர்டு போச்சு என்று பதறி, சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஓவர்க்ளாக் செய்து பூட் ஆகாமல் போவது பெரும்பாலும் எந்தப் பொருளும் கெடாமல் நடப்பதுதான். வீட்டிலேயே ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு சரிசெய்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிய வேண்டும்: சிஸ்டம் எந்த இடத்தில் நின்றது?

பூட் ஆகவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் வரும்வரை சிஸ்டம் வரிசையாகச் சில படிகளைத் தாண்டுகிறது. எஸ்எம்பிஎஸ் மின்சாரம் கொடுக்கிறது. பிராசஸர் விழிக்கிறது. ரேமைச் சோதித்துப் பழக்குகிறது, அதாவது அதன் வேகத்துக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கிராபிக்ஸ் கார்டைத் தேடுகிறது. டிஸ்க்கைக் கண்டுபிடித்து விண்டோஸை ஏற்றுகிறது. எந்தப் படியில் கால் இடறியது என்று தெரிந்தால், பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள செட்டிங் புரோகிராம்) எந்த எண்ணைத் திருத்த வேண்டும் என்பதும் ஏறக்குறைய தெரிந்துவிடும். தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பவர்கள்தான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

வேகத்தை ஏற்றினால் ஏன் நிற்கிறது?

பிராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று அடிப்படைத் துடிப்பு, இன்றைய போர்டுகளில் 100 மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று மல்ட்டிப்ளையர். 100 × 46 என்றால் 4,600 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.6 கிகாஹெர்ட்ஸ். ஓவர்க்ளாக் என்பது பெரும்பாலும் இந்த மல்ட்டிப்ளையரை ஏற்றுவதுதான். எல்லாச் சிப்பிலும் ஏற்ற முடியாது. இன்டெலில் பெயர் 'கே' என்று முடியும் பிராசஸரும் 'இசட்' வரிசை போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலான சிப்புகள் திறந்தே இருக்கும். 'பி' அல்லது 'எக்ஸ்' வரிசை போர்டு வேண்டும். ஏ320, ஏ520 மாதிரியான போர்டில் அந்த வசதி கிடையாது.

4.6 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 0.22 நானோ நொடி. அதற்குள் டிரான்சிஸ்டர்கள் மாறி முடிந்திருக்க வேண்டும். வோல்டேஜ் போதாவிட்டால் அவை மெதுவாக மாறும், அடுத்த துடிப்பு வரும்போது பழைய வேலை பாதியில் நிற்கும், கணக்கு தப்பும். உசிலம்பட்டிப் பக்கம் கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்கள் லோ வோல்டேஜில் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்திருப்பார்கள்: மோட்டார் உறுமும், சுற்றாது. பிராசஸர் நிற்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. லோ வோல்டேஜில் மோட்டார் காயில் கருகும். பிராசஸர் வோல்டேஜ் குறைவதால் கருகாது, தப்புக் கணக்குப் போட்டுவிட்டு நின்றுவிடும், அவ்வளவுதான். பிராசஸருக்கு ஆபத்து எதிர்ப் பக்கத்தில், வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றுவதில் இருக்கிறது.

அந்த ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேராகவும் ஏறும். 4.4 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டிலிருந்து 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.30 வோல்ட்டுக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். வேகம் நாலரை சதவீதம்தான் கூடுகிறது. சூடோ சுமார் 23 சதவீதம் கூடுகிறது. பூட் ஆகாத ஒவ்வொரு முறையும் வோல்டேஜை ஒரு தட்டுத் தட்டி ஏற்றுவது சரியான வைத்தியம் இல்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

முதலில் சும்மா இருங்கள்

டிஸ்ப்ளே வரவில்லை என்றதும் உடனே ஸ்விட்சை அணைக்காதீர்கள். இன்றைய போர்டுகள் பூட் ஆகாததைத் தாமாகவே உணர்ந்து, அணைந்து, மறுபடி எழும். பல போர்டுகள் மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, பத்திரமான பழைய எண்களோடு எழுந்து 'ஓவர்க்ளாக்கிங் ஃபெயில்டு' என்று திரையில் சொல்லும். அப்போது பயாஸுக்குள் போய்த் திருத்திக்கொள்ளலாம். ரேம் வேகத்தையும் மாற்றியிருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். டிடிஆர்5 ரேம் உள்ள சிஸ்டம், முக்கியமாக ரைசன் 7000 வரிசை, ரேமைப் பழக்குவதற்கே முதல் தடவை சில நிமிஷங்கள் கறுப்புத் திரையைக் காட்டும். அதை ஹேங் என்று நினைத்துப் பாதியில் அணைத்தால், அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டிடிஆர்4 என்றால் இரண்டு மூன்று நிமிஷம், டிடிஆர்5 என்றால் பத்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, மதர்போர்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். 24 பின் பவர் கேபிள் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், பல போர்டுகளில் கடுகளவு நான்கு எல்இடி இருக்கும்: சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்). எம்எஸ்ஐ இதை ஈசி டீபக் என்கிறது, ஆசுஸ் க்யூ-எல்இடி என்கிறது. சிஸ்டம் எழும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ, சிஸ்டம் நின்ற படி அதுதான்.

சிபியு விளக்கு அணையாமல் நின்றால், மல்ட்டிப்ளையர் அதிகம் அல்லது வோல்டேஜ் போதவில்லை. டிராம் விளக்கு நின்றால், ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ வேகம் (ரேம் கம்பெனி அறிவித்த வேகத்தை மொத்தமாகப் போடும் செட்டிங்) ஒத்துவரவில்லை. இங்கே பலர் ஏமாந்து புது ரேம் வாங்கிவிடுகிறார்கள். ரேமை இயக்கும் கன்ட்ரோலர் பிராசஸருக்குள்தான் இருக்கிறது. ரேம் நல்லதாக இருந்தும் அந்தக் கன்ட்ரோலரால் அந்த வேகத்தை இழுக்க முடியாமல் போகலாம். ரைசன் 5000-ல் 3600 ரேம் என்றால் உள்ளே அந்தக் கன்ட்ரோலர் அதில் பாதி, 1,800 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். பெரும்பாலான சிப்புகள் இதைத் தாங்கும். 4000 ரேமை அதே விகிதத்தில் ஓட்ட 2,000 வேண்டும். அதில்தான் பலவும் விழும். விஜிஏ விளக்கு நின்றால், கதவைக் கழற்றி மாட்டியதில் கார்டு தளர்ந்ததா என்று பாருங்கள். அதோடு, அடிப்படைத் துடிப்பான 100-ஐ 103, 104 என்று மாற்றினீர்களா என்றும் யோசியுங்கள். பல போர்டுகளில் அந்த ஒரு எண் கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் இணைப்புகளையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். டிஸ்க்கில் உள்ள ஃபைல்கள் கெடும் வழி அது. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தொடவே வேண்டாம்.

எல்இடி இல்லாத குறைந்த விலைப் போர்டு என்றால், நான்கு பின்னில் சொருகும் சின்ன பஸ்ஸர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பீப் ஒலிகளின் அர்த்தம் போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலில் இருக்கும்.

சீமாஸ் கிளியர்

தானாக எழவில்லை என்றால், பயாஸில் நீங்கள் எழுதிய எண்களைக் கையால் அழிக்க வேண்டும். இதற்குத்தான் சீமாஸ் கிளியர் என்று பெயர். செய்முறை இது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து சிஸ்டத்தை அணையுங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்து, எஸ்எம்பிஎஸ் பின்னாலுள்ள கேபிளையே உருவிவிடுங்கள். யுபிஎஸ்ஸில் சொருகியிருந்தால் சுவர் ஸ்விட்சை அணைத்து மட்டும் பயனில்லை, கேபிளை உருவியே ஆக வேண்டும். இப்போது பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். ஃபேன் ஒரு துடி துடித்து நிற்கலாம். கெப்பாசிட்டரில் தங்கியிருந்த மின்சாரம் வடிந்துவிட்டது என்று பொருள். கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

போர்டில் இரண்டே இரண்டு பின் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர் இருக்கும்: கிளியர் சீமாஸ், சிஎல்ஆர்டிசி, எம்எஸ்ஐ போர்டில் ஜேபேட்1. பெரும்பாலும் நாணயம் மாதிரியான பேட்டரிக்குப் பக்கத்திலோ, போர்டின் கீழ் ஓரத்திலோ இருக்கும். செல்போன் டார்ச்சை அடித்து எழுத்தைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதே ஓரத்தில் ஃபேன் பின், யுஎஸ்பி பின் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். தட்டை முனை ஸ்க்ரூ டிரைவரை இரண்டு பின்னும் ஒருசேரத் தொடும்படி சாய்த்து வைத்து, பத்து வரை எண்ணுங்கள். தீப்பொறி, சத்தம் எதுவும் வராது. கேபிள் உருவியிருப்பதால் வரவும் கூடாது. எடுத்துவிட்டு, கேபிளைச் சொருகி ஆன் செய்யுங்கள்.

பின் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து ஐந்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டு, கூட்டல் குறி மேலே தெரியும்படி மறுபடி மாட்டுங்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் பேட்டரியை மறைத்துக்கொண்டிருக்கும். கார்டைக் கழற்ற வேண்டிவந்தால் ஸ்லாட்டின் கடைசியிலுள்ள கிளிப்பை அழுத்திய பிறகே இழுங்கள்.

சீமாஸ் கிளியர் செய்தபின் வரும் புதுத் தலைவலிகள்தான் ஆட்களை அதிகம் குழப்புகின்றன. பயாஸ் முழுவதும் கம்பெனி எண்களுக்குத் திரும்பிவிடும். ஓவர்க்ளாக் எண்களோடு மற்றவையும் அழியும். பழைய சிஸ்டத்தில் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் விண்டோஸ் போட்டிருந்தால், அதற்கு வழிவிடும் சிஎஸ்எம் என்ற செட்டிங் அணைந்துபோய் 'பூட் டிவைஸ் இல்லை' என்று சொல்லும். டிஸ்க் கன்ட்ரோலர் ஏஹெச்சிஐ, ரெய்டு, விஎம்டி என்ற முறைகளில் எதில் இருந்ததோ அது மாறியிருந்தால் விண்டோஸ் பாதியில் விழுந்து 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று காட்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். இந்த மூன்றும் ஓவர்க்ளாக் கோளாறுகள் இல்லை. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடவும் வேண்டாம். அந்தந்தச் செட்டிங்கைப் பழையபடி வைத்தால் போதும். அதனால்தான் ஓவர்க்ளாக்கைத் தொடுவதற்கு முன்பே பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைக்கச் சொல்கிறோம். பிட்லாக்கர் கீயை வேறொரு இடத்தில் எழுதி வைப்பதையும் இன்றே செய்துவிடுங்கள். அந்தச் சிஸ்டத்துக்குள்ளேயே சேமித்து வைத்தால் தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாது.

கிளியர் செய்தும் எழவில்லையா? ரேமை எல்லாம் கழற்றி, ஒன்றை மட்டும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் மாட்டுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் அதுதான் ஏ2. போர்டின் மேல் இடது மூலையில் பிராசஸருக்கான எட்டு பின் கேபிள் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் பயாஸ் ஃபைலை மேனுவல் சொல்லும் பெயரில் வைத்து, டிஸ்ப்ளே இல்லாமலேயே புதுப்பிக்கலாம். இதற்கும் மசியாவிட்டால்தான் கடைக்குப் போக வேண்டிய நேரம்.

விண்டோஸ் வரை போய் விழுந்தால்

விண்டோஸ் லோகோ வந்து, புள்ளிகள் சுற்றி, நீலத் திரையோடு ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் நீங்கள் சரியான எண்ணுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். திரையிலுள்ள வாசகத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்றால் ஒரு கோர் (பிராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி) பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. ஓவர்க்ளாக்கில் இதற்குப் பெரும்பாலும் வோல்டேஜ் குறைவே காரணம். 'வீயா அன்கரெக்டபிள் எரர்' என்றாலும் சந்தேகம் பிராசஸர் மேல்தான். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால் ரேம் பக்கம் போங்கள். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று தடவைக்கு மேல் இப்படி விழவிட வேண்டாம். கணக்குத் தப்பும் பிராசஸர் டிஸ்க்கில் எழுதுவதையும் தப்பாக எழுதும். விண்டோஸ் ஃபைல்களே கெட்டுப்போனால், பிறகு ஓவர்க்ளாக்கை எடுத்தாலும் பூட் ஆகாது.

மறுபடி ஏறும்போது ஒரு தடவைக்கு ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். ரேமை எக்ஸ்எம்பி இல்லாமல் விட்டுவிட்டு முதலில் பிராசஸரை மட்டும் ஏற்றுங்கள். அது நிலையாக ஓடிய பிறகு ரேம். ரைசன் 5 5600எக்ஸ் மாதிரி ஒரு சிப் என்றால் எல்லாக் கோருக்கும் மல்ட்டிப்ளையர் 44, வோல்டேஜ் 1.20 என்று தொடங்கலாம். பூட் ஆகி, பிராசஸரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் புரோகிராம் அரை மணி நேரம் ஓடினால் மல்ட்டிப்ளையரைக் கால் அளவு ஏற்றுங்கள், அதாவது 25 மெகாஹெர்ட்ஸ். இன்டெலில் ஒரு படி என்பது 100 மெகாஹெர்ட்ஸ். விழுந்தால் 0.0125 அல்லது 0.025 வோல்ட் கூட்டுங்கள். இரண்டு தடவை கூட்டியும் நிலைக்கவில்லை என்றால் அந்தச் சிப்பின் எல்லை வந்துவிட்டது, வேகத்தைக் குறையுங்கள். சாதாரண ஏர் கூலரில் 1.30 வோல்ட்டுக்கு மேல் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒவ்வொரு முயற்சியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வேகம், வோல்டேஜ், எந்த விளக்கு நின்றது, அதிகபட்சச் சூடு. பத்தாவது முயற்சியில் எதை மாற்றினோம் என்று யாருக்கும் நினைவில் நிற்காது.

பூட் ஆகி, லோடு (பிராசஸரின் வேலைப்பளு) ஏறியதும் விழுந்தால் லோடு லைன் என்ற செட்டிங்கைப் பாருங்கள். லோடு ஏறும்போது வோல்டேஜ் சற்றே இறங்குவது இயல்பு. அந்த இறக்கம் அதிகமானால் விழும். நடுத்தர அளவு போதும். உச்ச அளவில் வைத்தால் லோடு இறங்கும் நொடியில் வோல்டேஜ் குறித்த எண்ணுக்கு மேலே துள்ளும்.

இரண்டு விஷயங்களில் பழி உங்கள் மேல் இல்லாமலும் இருக்கலாம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சில, மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) கேட்ட அதிக வோல்டேஜால் தாமாகவே நிலை குலைந்தன. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்தம் வெளியிட்டு, வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில கருகியதை அடுத்து, 2023-ல் எஸ்ஓசி வோல்டேஜுக்கு (ரேம் கன்ட்ரோலர் உள்ள பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) 1.3 வோல்ட் என்று ஏஎம்டி வரம்பு போட்டது. இந்தச் சிப்புகள் வைத்திருந்தால் ஓவர்க்ளாக்குக்கு முன் பயாஸ் அப்டேட்தான் முதல் வேலை.

மதுரை வெயிலும் கரன்ட் கட்டும்

ஓவர்க்ளாக் பற்றி வெளியூர் மொழிகளில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் 22, 24 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மார்கழிக் காலையில் 26 டிகிரி இருக்கும் நம் அறை, அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் மத்தியானம் 38-ஐத் தொடும். அறையின் சூடு 12 டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் கிட்டத்தட்ட அதே 12 டிகிரி ஏறும். மார்கழியில் லோடில் 80 காட்டிய பிராசஸர் சித்திரையில் 92 காட்டும். 5600எக்ஸின் வரம்பு 95. சூடான சிப்புக்கு அதே வேகத்தில் நிலையாக ஓடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும்; வோல்டேஜ் கொடுத்தால் இன்னும் சூடாகும். ஜனவரியில் நன்றாக ஓடிய சிஸ்டம் மே மாதத்தில் விழுந்தால் பொருள் கெட்டதென்று முடிவு கட்டாதீர்கள். கூலரில் அடைந்த தூசியைத் துடையுங்கள், 100 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள்.

கரன்ட் கட் வேறு விதமாகப் படுத்தும். ரீஸ்டார்ட்டில் ஒழுங்காக எழும் சிஸ்டம், ராத்திரி முழுக்க அணைந்திருந்து காலையில் ஆன் செய்தால் டிராம் விளக்கோடு நிற்கும். முழுக்க அணைந்து எழும்போது பல போர்டுகள் ரேமைப் புதிதாகப் பழக்கும். எல்லையில் நிற்கும் ரேம் அதில் தோற்கும். அதனால் ஓவர்க்ளாக் நிலைத்ததா என்று பார்க்க ரீஸ்டார்ட் செய்து பார்த்தது போதாது. கேபிளை உருவி அரை மணி நேரம் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள்; அதையும் மூன்று தடவை தாண்ட வேண்டும். கரன்ட் வந்தபின் முதல் தடவை ஆன் ஆகி, அணைந்து, மறுபடி ஆன் ஆவது மட்டும் பல போர்டுகளுக்கு இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

தூங்கப் போகுமுன் சுவர் ஸ்விட்சை அணைக்கும் நல்ல பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சுவர் மின்சாரம் இல்லாதபோது பயாஸ் கடிகாரத்தை அந்த நாணயப் பேட்டரிதான் ஓட்டுகிறது. அதனால் அது சீக்கிரம் தீரும். தேதி பல ஆண்டு பின்னால் போய், ஒவ்வொரு காலையும் எஃப்1 அழுத்தச் சொன்னால் சிஆர்2032, 3 வோல்ட் என்று கேட்டு வாட்ச் கடையில் வாங்கி மாட்டுங்கள்.

கடைசியாக, பயாஸிலேயே இரண்டு ப்ரொஃபைல் (செட்டிங் தொகுப்பு) சேமித்து வையுங்கள்: மழைக்காலத்துக்கு ஒன்று, பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் 100 மெகாஹெர்ட்ஸும் சற்று வோல்டேஜும் குறைத்து இன்னொன்று. பயாஸ் அப்டேட் செய்தால் இவை அழிந்துபோகும் என்பதால் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, நீங்கள் எண்களை எழுதிய நோட்டோடு சேர்த்து வையுங்கள்.